ஒயர் இறுகியதா, இல்லையா?

“ஒயர் புடிக்க ஒரு ஆளு எதுக்குடா? மேல ஒரு ஆணி அடிச்சு மாட்டிவுட்டா பத்தாதா?”

இதைச் சொன்னவன் என் வகுப்புப் பையன். சொன்ன இடம், கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் நான் படிக்கும் பாலிடெக்னிக்கின் ஒர்க்‌ஷாப். 2006 தொடக்கம், பொங்கல் லீவு முடிந்து வந்த முதல் வாரம். மாணவர்களுக்கான ரோபோ போட்டி ஒன்றுக்கு எங்கள் சார் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார். சுவிட்ச் பெட்டியை வைத்து ரோபோவை ஓட்டுவதற்கு ஒருவன், அவன்தான் கேப்டன். இரும்பு வேலைக்கு, மேலே சொன்ன பையன்; அவன் அப்பா கிரில் பட்டறை வைத்திருப்பதால் வெல்டிங் வேலை அவனுக்குக் கைவந்தது. மூன்றாவது ஆள் நான். ரோபோ ஓடும்போது அதன் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடப்பது என் வேலை.

எங்கள் ரோபோவுக்கு ரிமோட் எல்லாம் கிடையாது. பழைய கார் பாகங்கள் விற்கும் கடையில் வாங்கிய இரண்டு வைப்பர் மோட்டார், பிளைவுட்டில் வட்டமாக அறுத்து சைக்கிள் ட்யூப் ஒட்டிய சக்கரங்கள், இரும்புச் சட்டம். அங்கிருந்து டேப் சுற்றிய ஒயர்க் கட்டு கேப்டனின் கையிலிருக்கும் சுவிட்ச் பெட்டிக்குப் போகும். அந்த ஒயர் சக்கரத்தில் சிக்காமல் தூக்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அதற்குத்தான் ஆணி போதும் என்று அவன் சொன்னான்.

எனக்கு ரோஷம் அதிகம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா இரும்புக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறார். அம்மா போல்ட் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறார். ரேஷன் கார்டு, கரண்ட் கார்டு, மாத்திரை அட்டை, யாருக்காவது கோர்ட்டிலிருந்து வந்த காகிதம் என்று எங்கள் தெருவில் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். படித்துச் சொல்வேன். “எழுதியிருக்குதா? அப்ப சரி” என்று நிம்மதியாகப் போவார்கள். எழுத்தில் வந்துவிட்டால் அதற்குமேல் குழப்பம் கிடையாது என்று நானும் நம்பியிருந்தேன்.

அதனால் அந்தப் பையனிடம் நான் சண்டை போடவில்லை. பிரௌசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த நான்கு பக்க விதிகளை வீட்டுக்கு எடுத்துப்போய், அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். ஒயரைப் பற்றி மூன்று வரிகள் இருந்தன. போட்டியின் கடைசியில் வரும் சரிவில் ரோபோ தன் சொந்த பலத்தில் ஏற வேண்டும். ஒயர் எப்போதும் தளர்ந்திருக்க வேண்டும். ஒயரால் ரோபோவை இழுக்கவோ, தூக்கவோ, தாங்கவோ கூடாது. மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் அதைப் படித்துக் காட்டி, “ஆணிக்கு இதெல்லாம் தெரியுமா?” என்று கேட்டேன். கேப்டன் கைதட்டினான். வெல்டிங்காரன் வெல்டிங் கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டான்.

பயிற்சியில் ஒரு பிரச்சினை வந்தது. பிளைவுட் சரிவின் உச்சிக்குப் போகும்போது முன்சக்கரம் தூக்கி, ரோபோ பின்பக்கம் மல்லாந்து விழுந்தது. சில நேரம் ஒயர் பின்சக்கரத்துக்குள் போய் அப்படியே நின்றது. எது எதனால் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. வெல்டிங்காரன் ஒரு யோசனை செய்தான். ரோபோவின் பின்பக்கம் முழங்கை உயரத்துக்கு ஒரு கம்பியை நிற்கவைத்து, ஒயரை அதன் உச்சியிலிருந்து எடுத்தான். அதற்குப் பிறகு ஒயர் சிக்கவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், மல்லாந்து விழுவதும் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. வேலை நடக்கும்போது ஏன் நடக்கிறது என்று யார் கேட்பார்கள்?

நானும் ஒயர் பிடிப்பதில் தேறிவிட்டேன். இடது கையில் இரண்டு சுற்று, வலது கையில் விட்டுக்கொண்டே போவது, ரோபோவுக்கு ஒரு அடி முன்னால் பக்கவாட்டில் நடப்பது. நான் பிடித்தால்தான் ஏறுகிறது என்று கேப்டன் சொல்வான். அது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் பிறகு என் தூக்கத்தைக் கெடுத்தது.

இங்கே என் அம்மாவின் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் நாள் முழுக்க போல்ட்டுகளை ஒரு வளையத்தில் விட்டுப் பார்ப்பார். அந்த வளையத்துக்கு கேஜ் என்று பெயர். சரியாகப் போனால் பச்சை ட்ரே. போகாவிட்டால் சிவப்பு ட்ரே. போகிற மாதிரியும் இருக்கிறது, பிடிக்கிற மாதிரியும் இருக்கிறது என்றால் மஞ்சள் ட்ரே. மஞ்சளில் போட்டதை வேறொருவர் திரும்பச் சோதிப்பார். சந்தேகத்தைப் பச்சையில் தள்ளினால் திட்டு விழும். மஞ்சளில் போட்டால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். இந்த மஞ்சள் எங்கள் வீட்டுப் பேச்சிலும் புகுந்துவிட்டது. பால் திரிந்ததா என்று கேட்டால் அம்மா முகர்ந்துவிட்டு “மஞ்சா” என்பார். அத்தை எனக்குக் கொண்டுவந்த வரன் எப்படி என்று அப்பா கேட்டதற்கும் “மஞ்சாதான்” என்ற பதிலே வந்தது. அந்த வரன் அதோடு போனது.

போட்டி திருவள்ளூர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில். பெரியபாளையத்தில் பஸ் மாறிப் போனோம். ரோபோவைப் பழைய டிவி அட்டைப்பெட்டியில் வைத்திருந்தோம். கம்பி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“இன்னாமா இது, ஆன்டெனாவா? லக்கேஜ் போடணும்” என்றார் கண்டக்டர்.

“ரோபோண்ணா.”

“அப்ப அதுக்கும் ஒரு டிக்கெட் எடு. நடந்து வந்து ஒக்காரட்டும்.”

பஸ்ஸே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அந்தப் போட்டியில் பரிசைவிடப் பெரிய ஒன்று எனக்கு இருந்தது. முதல் இரண்டு இடம் பிடிக்கும் அணிகளுக்கு சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையில் ஒரு மாதப் பயிற்சி தருவதாக அறிவித்திருந்தார்கள். அதே தொழிற்சாலை வாசலுக்கு முந்தைய வருடம் பயிற்சி கேட்டு நான் போயிருக்கிறேன். “லேடீஸ்லாம் எடுக்க மாட்டாங்கமா” என்று வாட்ச்மேன் கேட்டைக்கூடத் திறக்கவில்லை. அணியாக ஜெயித்தால் என்னை மட்டும் எப்படி வெளியே நிறுத்துவார்கள்? அந்தக் கணக்குதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் ரோபோவின் அளவு, எடை, வோல்டேஜ் மூன்றையும் பார்த்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கம்பியைப் பார்த்தும் யாரும் எதுவும் கேட்கவில்லை. மதியம் எங்கள் முறை வந்தது. ரோபோ பள்ளத்தைத் தாண்டியது, வளைவில் திரும்பியது, சரிவில் ஏறியது. உச்சியில் முன்சக்கரம் இரண்டும் தூக்கின. கூட்டம் “ஓ” என்றது. ஒரு நொடி அப்படியே நின்று, பிறகு முன்பக்கம் சாய்ந்து, தட்டென்று மேலே போய் உட்கார்ந்தது. இரண்டாம் இடம்! கேப்டன் சுவிட்ச் பெட்டியோடு குதித்தான். வெல்டிங்காரன் என் முதுகில் தட்டப் போய், பெண் என்று ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டான்.

மூன்றாம் இடத்துக்கு இறங்கிய அணி உடனே ஆட்சேபணை கொடுத்தது.

“சார், அந்தக் கம்பிய பாருங்க. அது ஒயருக்கு வச்ச கம்பி இல்ல சார், புடிச்சு இழுக்க வச்ச கைப்பிடி. விழப் போச்சு, இந்தப் பொண்ணு இழுத்து நிறுத்திடுச்சு. டிசைனே ரூலுக்கு எதிரா இருக்கு.”

எங்கள் கேப்டன் விதிகளை நீட்டினான். “கம்பி வைக்கக் கூடாதுன்னு ரூல்ல எங்க சார் இருக்குது? ஒயர் எங்கேர்ந்து வரணும்னே போடல. காலைலயே ஸ்டிக்கர் ஒட்டிட்டீங்க.”

நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் அந்தக் கல்லூரியின் பேராசிரியர். இன்னொருவர் பயிற்சி தருவதாகச் சொன்ன தொழிற்சாலையின் தரப் பிரிவு அதிகாரி. இருவரும் ரோபோவைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கம்பி ஒயரைத் தூக்கத்தான் இருக்கிறது, அதனால் விதிக்குள் வரும் என்றார் பேராசிரியர். உயரத்தில் கட்டியிருப்பதால் விரலால் இழுத்தாலே ரோபோ நிமிர்ந்துவிடும், அதனால் அது ஒயரால் தாங்குவதுதான் என்றார் அதிகாரி. ரோபோவைப் பின்பக்கம் சாய்த்து, ஒயரை விரலால் முன்பக்கம் இழுத்தும் காட்டினார். ரோபோ நிமிர்ந்தது. எங்கள் ரோபோ ஏன் மல்லாந்து விழாமல் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் என் கைதான் அதை நிமிர்த்திக்கொண்டிருந்ததோ?

நானும் விதிகளை எடுத்துப் பார்த்தேன். மனப்பாடமாகத் தெரிந்த அதே மூன்று வரிகள். தளர்ந்திருக்க வேண்டும் என்று இருந்தது. தளர்ந்திருப்பது என்றால் எவ்வளவு என்று இல்லை. தாங்கக் கூடாது என்று இருந்தது. தாங்க முடிகிற மாதிரி வைக்கலாமா என்று இல்லை. ஒருமுறை படித்தால் நாங்கள் சரி. இன்னொருமுறை படித்தால் அவர்கள் சரி. எழுதியிருந்தும் குழப்பம் தீராத ஒரு காகிதத்தை என் வாழ்க்கையில் நான் பார்த்தது அன்றுதான்.

கடைசியில் பேராசிரியர் என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, ஒயர் உன் கையிலதான இருந்துச்சு? அது மேல ஏறுறப்ப டைட் ஆச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கேப்டன் லேசாகத் தலையை ஆட்டினான், இல்லை என்று சொல்லு என்கிற மாதிரி. “இல்லை சார்” என்ற இரண்டு வார்த்தையில் பயிற்சி, தொழிற்சாலை கேட், வாட்ச்மேன் எல்லாம் அடங்கியிருந்தது. அந்த நொடியைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். முன்சக்கரம் தூக்கியது ஞாபகம் இருக்கிறது. கூட்டம் கத்தியது ஞாபகம் இருக்கிறது. நான் மூச்சைப் பிடித்ததுகூட ஞாபகம் இருக்கிறது. என் கை என்ன செய்தது என்பது மட்டும் ஞாபகம் இல்லை. இழுத்தேனா? பயத்தில் கையைத் தூக்கினேனா? சும்மா நின்றேனா? சத்தியமாகத் தெரியவில்லை.

வாயில் வந்தது இதுதான்.

“மஞ்சா சார்.”

“என்னது?”

“மஞ்சா... தெரில சார்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பேராசிரியர் எனக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்து, கேள்வியை இன்னும் சத்தமாகக் கேட்கத் தொடங்கினார். அதிகாரி மட்டும் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

“உங்க வீட்ல யாரும்மா இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்காங்க?”

“எங்கம்மா சார். போல்ட் கம்பெனி. கேஜ் போட்றாங்க.”

அவர் பேராசிரியரிடம் சொன்னார்: “அப்ப திரும்ப ஓட்டிப் பாத்துடுவோம் சார்.”

“ரீ-ரன்னு ரூல்ல இல்லையே சார்.”

“கூடாதுன்னும் இல்லையே சார்.”

எங்கள் கேப்டன் சொன்ன அதே வாதம். அவனால் அதை மறுக்கவும் முடியவில்லை. ஏற்கெனவே வென்றதை மறுபடி வெல்ல வேண்டிய நிலைமைக்கு நான் கொண்டுவந்துவிட்டேன். ஓட்டுமிடத்துக்குப் போகும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாவது முறையும் நான்தான் ஒயரைப் பிடித்தேன். இரண்டு நடுவர்களும் சரிவின் இரண்டு பக்கமும் குந்தி உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறுகிவிடக் கூடாது, இறுகிவிடக் கூடாது என்று விட்டுக்கொண்டே போனேன். விட்டது அதிகமாகிவிட்டது. பாதிச் சரிவில் ஒயர் கீழே தொங்கி, கம்பியையும் மீறிப் பின்சக்கரத்துக்குள் போனது. மோட்டார் உறுமியது. ரோபோ அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு மாதமாக எது எனக்கு நன்றாக வரும் என்று பெருமைப்பட்டேனோ, அதிலேயே தவறினேன்.

மூன்றாம் இடம். ஒரு சான்றிதழ், ஒரு பேனா.

திரும்பி வரும் பஸ்ஸில் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியபாளையம் நெருங்கும்போது, முன் சீட்டிலிருந்த வெல்டிங்காரன் திரும்பாமலே சொன்னான்:

“ஆணியா இருந்தா வாயத் தொறந்திருக்காது.”

நான் செய்தது நேர்மையா, முட்டாள்தனமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இழுத்தேன் என்று தெரிந்து சொல்லியிருந்தால் நேர்மை. இழுக்கவில்லை என்றால் இரண்டு பேர் உழைப்பைக் காரணமில்லாமல் கெடுத்தவள். எது என்று தெரியாதவளுக்கு என்ன பெயர்?

வீட்டில் சொன்னபோது அப்பா, “போட்டும் வுடு” என்றார். அம்மா கம்பெனிச் சேலையைக்கூட மாற்றாமல் கேட்டார்:

“மஞ்சால போட்டுட்டு வந்துட்ட. சரி. மறுபடி அத யாருடி கேஜ் போட்டு பாக்கறது?”

“ஒயருக்கு ஏதும்மா கேஜு?”

“அது எனக்கு இன்னாடி தெரியும்? நீதான படிச்சவ” என்று அரிசி களையப் போய்விட்டார்.

எரிச்சலாக இருந்தது. நான்கைந்து நாள் கழித்து, துப்பட்டா ஓரம் தைத்துக்கொண்டிருந்தபோது நூல் பட்டென்று அறுந்தது. கையிலிருந்த துண்டு நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நூல் சும்மா இருக்கும்வரை இருக்கும். கொஞ்சம் இழுத்தாலும் அறுந்துவிடும். ஒயரைக் கம்பியின் உச்சியில் நேராகக் கட்டாமல் ஒற்றை நூலால் கட்டினால்? நூலுக்குக் கீழே கொஞ்சம் ஒயரைத் தளர்வாக விட்டுவிட்டால், நூல் அறுந்தாலும் மோட்டாருக்குக் கரண்ட் நிற்காது. ஒயர் இறுகினால் நூல் அறுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் தனியாகக் கட்டிக்கொண்டிருந்தேன். வெல்டிங்காரன் வந்து எட்டிப் பார்த்தான்.

“இன்னா பண்ணிக்கினு கீற?”

சொன்னேன். அவன் போய் கேப்டனைக் கூட்டிக்கொண்டு வந்து, சுவிட்ச் பெட்டியை அவன் கையில் கொடுத்தான். “ஓட்டுடா. இன்னாதான் ஆவுதுன்னு பாத்துடலாம். இல்லனா எனக்கும் பேஜாரா கீது.”

பத்து முறை ஓட்டினோம். மூன்று முறை நூல் அறுந்தது. மூன்றிலும் ரோபோ ஏறியது. ஏழு முறை அறுபடவில்லை. அதில் ஐந்து முறை தானாகவே ஏறியது, இரண்டு முறை மல்லாந்து விழுந்தது. இதையெல்லாம்விட என்னை அதிர வைத்தது வேறு. நூல் அறுந்த மூன்றில் இரண்டு முறை, நான் இழுத்ததாக எனக்குத் தோன்றவே இல்லை. “இழுக்கவே இல்ல” என்று அடித்துச் சொன்னேன். வெல்டிங்காரன் அறுந்த நூலைத் தூக்கிக் காட்டினான்.

அப்படியானால் எங்கள் டிசைன் விதிக்குள் வருமா? ஐந்து முறை தானாக ஏறியதே, வரும் என்கிறான் கேப்டன். மூன்று முறை இழுக்க விட்டதே, வராது என்கிறான் கம்பியை வைத்தவனே. டீக்கடையில் இன்னும் இந்தச் சண்டை நடக்கிறது. போட்டியன்று நடந்தது அந்த ஐந்தில் ஒன்றா, மூன்றில் ஒன்றா? அது எனக்கு இன்றுவரை தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. என் கை எனக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்யும் என்பது மட்டும் தெரிந்துவிட்டது. இப்போதெல்லாம் தெருவில் யாராவது காகிதம் கொண்டுவந்தால், படித்துவிட்டு, புரியாத இடத்தில் விரலை வைத்து, “இது எனக்குப் புரியல, கேட்டுச் சொல்றேன்” என்கிறேன். முன்பெல்லாம் அப்படிச் சொல்ல என் ரோஷம் விட்டதில்லை.

இன்று காலை, காலேஜுக்குப் போகும் வழியில் சிப்காட் பஸ் நிறுத்தத்தில் இறங்கி, அந்தத் தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். அதே வாட்ச்மேன். “லேடீஸ்லாம்...” என்று அவர் ஆரம்பிப்பதற்குள், தரப் பிரிவு அதிகாரியின் பெயர் எழுதிய கவரை நீட்டிவிட்டேன். உள்ளே ஒரு மாதப் பயிற்சி கேட்டு, என் பெயரில் ஒரு விண்ணப்பம். கூடவே, பத்து ஓட்டத்தின் முடிவையும் வரிசையாக எழுதிய ஒரு தாள். அடுத்த போட்டியில் எல்லா ரோபோவின் ஒயரையும் இப்படிக் கட்டிப் பார்க்கலாம் என்று அதன் அடியில் எழுதி, அறுந்த மூன்று நூல்களையும் ஒட்டியிருக்கிறேன். வாட்ச்மேன் கவரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மேசையில் இருந்த ட்ரேயில் போட்டார். அது என்ன கலர் ட்ரே என்று எட்டிப் பார்க்காமல், முதல் பீரியடுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.